கும்பப்பூ அறுப்பில் இலை கொட்டும் மரம்: நாற்றங்கால் வெட்பாலைக் கன்று ஒன்றைப் போன்சாயாக வளர்த்த நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டத்து வயல்களில் கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் அறுப்பு நடக்கும் மாசியில், தோவாளைப் பக்கத்துப் பாறைக் குன்றுகளில் வெட்பாலை மொட்டையாக நிற்கும். குலசேகரம், பேச்சிப்பாறை வட்டாரத்து ரப்பர் அதற்குச் சற்று முன்பே இலையைக் கொட்டிவிட்டுப் புதுத் தளிருக்குத் தயாராகியிருக்கும். பனியோ உறைகுளிரோ இங்கே கிடையாது. நாகர்கோவில் ஏறத்தாழ 8 பாகை வடக்கில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட வராது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் காயத் தொடங்குவதுதான் வெட்பாலைக்கு இலை உதிர்க்கச் சொல்லும் சேதி. போன்சாய், அதாவது சட்டியில் குறுமரம் வளர்ப்பது பற்றிய ஜப்பானிய, ஐரோப்பியக் கையேடுகளில் உள்ள வசந்தம், குளிர்காலம் என்ற அட்டவணையை இங்கே அப்படியே பிடித்துக்கொண்டு தொட்டி மாற்றுகிறவர்கள் கன்றை இழப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இந்த ஆய்வு ஒரே ஒரு கன்றைப் பற்றியது. ஐப்பசியில் நாற்றங்காலில் வாங்கியது; கறுப்பு பாலிதீன் பையில் சுமார் ஒன்றரை வயது. உயரம் 112 செ.மீ., மண்மட்டத்தில் தண்டின் விட்டம் 11 மி.மீ. அடியிலிருந்து 30 செ.மீ. வரை கிளையே இல்லாத, நேரான, ஒரே பருமனுள்ள குச்சி. வளர்த்த இடம் தோவாளை தாலுகாவில், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று நேரே அடிக்கும் ஒரு வீட்டு முற்றமும் மொட்டை மாடியும்.

கன்று எது என்று உறுதி செய்தல்

வெட்பாலையை விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மலையாளப் பேச்சுப்படி தந்தப்பாலை என்றும் சொல்வதுண்டு. நாற்றங்காலில் இதோடு குடசப்பாலை கலந்துவிடுவது சாதாரணம். இரண்டுக்கும் எதிரெதிர் இலை, இரண்டிலும் பால் வடியும், கன்றுப் பருவத்தில் கண்ணால் மட்டும் பிரிப்பது கஷ்டம். காய் இருந்தால் சந்தேகமே வராது: வெட்பாலையின் இரட்டைக் காய்கள் நுனியில் ஒட்டிக்கொண்டு இடுக்கி மாதிரி தொங்கும்; குடசப்பாலையில் இரண்டும் தனித்தனி. காய்க்காத கன்றுக்கு எண்ணெய்ச் சோதனை போதும். நாலைந்து இலையைக் கிள்ளிச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் தேங்காய் எண்ணெயில் மூழ்கவிட்டு வெயிலில் வைத்தால், வெட்பாலை என்றால் எண்ணெய் சில நாளுக்குள் ஊதா நிறம் ஏறும். தோல் நோய்க்குத் தைலம் காய்ச்சுகிறவர்கள் செய்வதும் இதே வேலைதான். ஏழிலைப்பாலையோடு குழப்பம் வராது. அதில் இலைகள் வட்டமாக ஐந்து, ஏழு என்று சேர்ந்து நிற்கும்.

எதற்கு இந்த மரம்? எதிரெதிர்க் கணு உள்ளதால் எங்கே வெட்டினால் எங்கே துளிர்க்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். வெட்டிய அடிமரத்திலிருந்து நன்றாகத் தழையும். இலையை முழுக்க உதிர்ப்பதால் ஆண்டுக்கு ஒரு முறை கிளை அமைப்பு முழுசாகக் கண்ணில் படும். ஒரு குறை உண்டு: இயல்பான இலை அரைச் சாண் அளவுக்கு இருக்கும். அதனால் உள்ளங்கையில் அடங்கும் மரத்துக்கு இது தோதுப்படாது. 25 செ.மீ.க்குக் கீழே திட்டமிடக் கூடாது.

பைக்குள் இருந்தது

ஐப்பசியில் வாங்கிய கன்றின் வேரை உடனே தொடவில்லை. மாசி வரை பையிலேயே விட்டு, தை பாதிக்கு மேல் தண்ணீரைத் தினசரியிலிருந்து மூன்று நாளுக்கு ஒரு முறையாகக் குறைத்ததில் இலை மஞ்சளித்து உதிர்ந்தது. கணுக்களில் மொட்டு எள் அளவுக்குப் புடைத்து, நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிந்த அன்று பை பிரிக்கப்பட்டது. வேர் வேலைக்கு உகந்த நாள் இதுதான். இந்தச் சாளரம் பத்து, பதினைந்து நாளுக்கு மேல் நீடிக்காது. தளிர் விரல்கடை நீளம் வந்துவிட்டால் வேரைத் தொடாமல் விட்டுவிடுவது நல்லது. அப்போது கிளையில் இருந்த சேமிப்பு செலவாகிவிட்டது, புது இலையோ இன்னும் சம்பாதிக்கத் தொடங்கவில்லை.

மண்ணைக் குச்சியால் கிளறி நீரில் அலசியபோது இரண்டு கோளாறு தெரிந்தது. ஆணிவேர் பையின் அடியை முட்டி இரண்டு சுற்று சுருண்டிருந்தது. இது எல்லாப் பைக்கன்றிலும் இருப்பது. கீழே வெட்டினால் சரியாகிவிடும். இரண்டாவதுதான் தொல்லை. மண்மட்டத்திலிருந்து 4 செ.மீ. கீழே ஆணிவேர் தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது. தாய்ப் பாத்தியிலிருந்து பிடுங்கிப் பையில் குத்தும்போது நீள வேரை மடக்கித் திணித்ததன் விளைவு. வளைவை விட்டுவைத்தால் பிற்காலத்தில் அடிமரம் ஒரு பக்கம் புடைத்து அசிங்கமாகும், அதனால் வளைவுக்கு மேலேயே வெட்ட வேண்டியிருந்தது. அப்படி வெட்டினால் மிஞ்சியது மூன்றே பக்கவேர்கள். மூன்றும் ஒரே பக்கம்.

மறுபக்கத்தில் வேர் வரவழைக்க, பக்கவேர் புறப்படும் அதே மட்டத்தில் பட்டையில் மூன்று சிறு ஆப்புக் குழிகள், ஒவ்வொன்றும் 5 மி.மீ. அகலம், கட்டை தெரியும் ஆழம். பால் வடியும் மரங்களில் இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பால் கசிந்துகொண்டிருக்கும்போதே வேர் ஊக்கி மாவைத் தடவினால் அது பாலோடு சேர்ந்து ரப்பர் பூச்சு மாதிரி இறுகி, காயத்துக்குப் போகாமலே நின்றுவிடும். ஈரத்துணியால் ஒற்றி, தண்ணீர் தெளித்து, கசிவு நிற்கும் வரை கால் மணி நேரம் காத்திருந்து, பிறகுதான் மாவு தொடப்பட்டது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மூன்றில் இரண்டு குழி வேர் விட்டிருந்தது.

வேர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் பரவ, அடியில் ஒரு பழைய சி.டி. வைக்கப்பட்டது. 12 செ.மீ. விட்டம், வழவழப்பு, மக்காது; இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும். வெட்டிய ஆணிவேர்த் தலை சி.டி.யின் நடுவில் உட்கார, பக்கவேர்களை விசிறி மாதிரி விரித்து, மேலே மண் போட்டு, தண்டை ஆடாமல், நட்ட துளைக்கூடையோடு நாலு பக்கமும் கம்பியால் இழுத்துக் கட்டியாயிற்று. கட்டாமல் விட்டால் காற்றில் தண்டு ஆடும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வந்த சல்லிவேர் அறுபடும். கன்று 'ஏன் பிடிக்கவில்லை' என்று கேட்கிறவர்களின் சட்டியைத் தொட்டுப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட சட்டிகளில் தண்டு லொடலொடவென்று ஆடும்.

முதலில் பருமன், பிறகுதான் வெட்டு

கூடை என்பது சந்தையில் காய்கறி அள்ளும் துளைக்கூடைதான், 30 செ.மீ. விட்டம். அதைப் பாதி ஆழத்துக்கு நிலத்தில் புதைத்து வைத்ததால், வேர் துளை வழியாக வெளியே ஓடியது. கூடைக்குள் இருந்த வேர்களும் நெருக்கமாகக் கிளைத்தன.

மேலே ஒரு கிளைகூட வெட்டப்படவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்கிய அன்றே 15 செ.மீ. உயரத்தில் வெட்டி, அழகான தட்டில் வைத்து, குட்டி மரம் கிடைத்துவிட்டதாகப் படம் எடுக்கிறார்கள். 11 மி.மீ. தண்டு பத்து வருஷம் கழித்தும் ஏறக்குறைய பேனா பருமனில்தான் இருக்கும். அடிமரம் தடிப்பது அதற்கு மேலே எத்தனை இலை உழைக்கிறது என்பதைப் பொறுத்தது. வெட்டி எறியப்போகும் உச்சிதான் அடிமரத்துக்குச் சோறு போடுகிறது.

தடிப்பதற்கு முன் செய்தே ஆக வேண்டிய ஒரே வேலை வளைவு. முதல் ஆண்டு ஆனியில், தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு, அடி 30 செ.மீ.க்கு 4 மி.மீ. அலுமினியக் கம்பி சுற்றப்பட்டது. கம்பியின் பருமன் வளைக்கும் தண்டில் மூன்றில் ஒரு பங்கு, சுற்றும் சாய்வு 45 பாகை, முனை மண்ணுக்குள் ஆழமாகக் குத்தி நிற்க வேண்டும். முதல் வளைவு மண்ணிலிருந்து 4 செ.மீ.க்குள் தொடங்கியது. அதற்கு மேலே தொடங்கியிருந்தால், கம்பம் நட்டு அதன் மேல் மரம் வைத்தது போலாகியிருக்கும்.

கம்பியைப் பிரிப்பதில் தவறு நடந்தது. ஆனி, ஆடியில் இந்த மரம் வளரும் வேகத்தில் ஆறேழு வாரத்தில் கம்பி பதியத் தொடங்கும். இங்கே பதினொரு வாரம் விட்டுவிட்டதால் ஆவணிக் கடைசியில் பட்டைக்குள் பாதிக் கம்பி புதைந்திருந்தது. சுற்றுச் சுற்றாகப் பிரிக்கப் போனால் பட்டை கூடவே உரிந்து வரும். ஒவ்வொரு வளையத்தையும் வெட்டும் குறடால் தனித்தனியே நறுக்கித்தான் எடுக்க வேண்டும். திருகாணி மாதிரி விழுந்த தழும்பு அடியில் இரண்டு ஆண்டு தடிப்பில் மறைந்தது. மேல்பகுதியோ எப்படியும் வெட்டுப்படப்போகும் பகுதி. கிளையில் இது நடந்திருந்தால் தழும்பு நிரந்தரமாகியிருக்கும்.

இரண்டாம் ஆண்டு மாசியில் அடி 19 மி.மீ.; மூன்றாம் ஆண்டு மாசியில் 32 மி.மீ., உயரம் 270 செ.மீ. இரண்டாம் ஆண்டில் ஒரு சிறு சிக்கல்: பக்கத்தில் இருந்த செடிகளுக்கு ஊற்றிய தண்ணீர் இதற்கும் போனதால் மரம் பாதி இலையை உதிர்க்காமல் வைத்துக்கொண்டது. மேலே மொட்டு புடைக்க, கீழே பழைய இலை நின்றது. அப்படிப்பட்ட மரத்தில் தளிர் மேலும் கீழும் வெவ்வேறு வாரத்தில் வரும், வெட்டும் நாளைக் குறிக்க முடியாது. மிஞ்சிய இலைகளைக் காம்பு நடுவில் கத்தரியால் வெட்டிவிட்டதும் ஒரு வாரத்தில் காம்பு தானே உதிர்ந்து, கீழ்க்கணுக்களும் விழித்தன. இலையைப் பிடித்து இழுத்துக் கிழித்தால், காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் உள்ள மொட்டும் சேர்ந்து போகும்.

அடிமரத்தை வெட்டியது

மூன்றாம் ஆண்டு மாசி. வெட்டிய உயரம் 9 செ.மீ., அந்த இடத்தில் தண்டு 26 மி.மீ. கீழே ஒரு கணு இணை தெளிவாக இருக்குமாறு, அதற்கு 1.5 செ.மீ. மேலே, தண்ணீர் வழிந்தோட லேசான சாய்வில் அறுக்கப்பட்டது. கணுவை ஒட்டி அறுத்தால் வெட்டுவாய் காய்ந்து இறங்கும்போது கணுவையும் கொண்டுபோய்விடும். மிஞ்சும் மொட்டைத் துண்டை மறு ஆண்டு சீவிக்கொள்ளலாம்.

இலை இல்லாத காலத்தில் பால் ஓட்டம் குறைவு. ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. இலை உதிர்ந்து துளிர்க்கும் சமயத்தில் பால் குறையும் என்பதால் அங்கே வெட்டுக்கு ஓய்வு கொடுப்பார்கள். ஆனாலும் கொஞ்சம் வடியும். தண்ணீர் தெளித்து, துணியால் ஒற்றி, அரை மணி கழித்து, வெட்டுவாய் வெறும் ஈரமாக இருக்கும்போது, பூஞ்சணத்தைத் தடுக்கும் 10 சத போர்டோ பசை பூசப்பட்டது. 100 கிராம் மயில்துத்தத்தைப் பிளாஸ்டிக் வாளியில் அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை வேறொன்றில் அரை லிட்டரிலும் கரைத்துச் சேர்க்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. சாணிப் பூச்சு ஒரு சாரலுக்குத் தாங்காது. கத்தரி, ரம்பத்தில் ஒட்டிய பாலைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணி எடுத்துவிடும். பால் துணியில் பட்டால் கறை போகாது, கண்ணில் பட்டால் எரியும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

பதினெட்டாம் நாள் துளிர் வந்தது, வெட்டுக்குக் கீழே உள்ள கணுவில் எதிரெதிராக இரண்டு, அதற்கும் கீழே இன்னும் மூன்று. மேல் இணையில் ஒன்று அடுத்த தண்டாக வேண்டியது. அது 10 செ.மீ. வளர்ந்து பச்சையாக இருக்கும்போதே 1.5 மி.மீ. கம்பியில் நிமிர்த்திவிட வேண்டும். ஒரு மாதம் தள்ளினால் அடியில் கட்டை கட்டி, வளைக்கும்போது கக்கத்தோடு பிய்ந்து வரும். எதிர்த் துளிரை உடனே அகற்றவில்லை. அது இருக்கும் பக்கத்தில்தான் வெட்டுவாயின் விளிம்பு வேகமாக உருண்டு மூடுகிறது.

ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும்

இந்த மரத்துக்கு ஓர் ஆண்டு வீணானது மண்ணால். அதே மூன்றாம் ஆண்டு ஆனியில் கூடை நிலத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு மாதம் முன்பே மண்வெட்டியால் கூடையைச் சுற்றிப் பாதி வட்டம் வேர் அறுத்து, மீதியை எடுக்கும் நாளில் அறுத்ததால் மரம் வாடவில்லை. பிறகு 12 செ.மீ. ஆழமுள்ள தட்டில் மாடிக்கு ஏறியது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்று எப்படியென்று அங்கே நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே புரியும். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும் என்ற பயத்தில் மண் கலவையில் பத்துக்கு நாலு பங்கு தென்னை நார்த்தூள் சேர்க்கப்பட்டது. ஆவணி வரை மரம் செழித்தது. கலவை சரி என்றே தோன்றியது.

ஐப்பசியில் மழை விடாமல் பிடித்தது. பத்து நாளில் இலை மஞ்சளித்தது. இலையுதிர் மரத்தில் இந்த இடம்தான் ஏமாற்றும். 'சீசனுக்குக் கொஞ்சம் முந்தி உதிர்க்கிறது' என்று விட்டுவிடத் தோன்றும். இயல்பான உதிர்வில் பழைய இலையிலிருந்து தொடங்கி மரம் முழுக்க ஒரே சீராக மஞ்சளிக்கும், கிளை நுனி விறைப்பாகவே நிற்கும், உதிர்ந்த இடத்தில் மொட்டு கெட்டியாக இருக்கும். இங்கே நுனித் தளிர் தொங்கியது. இளம் இலைகள் பச்சை மாறாமலே துவண்டு விழுந்தன. மண் நனைந்திருந்தும் இலை தண்ணீருக்கு ஏங்குவது போலக் கிடந்தது. தட்டின் அடித்துளையில் மூக்கை வைத்தால் ஊறிப்போன மட்டை நாற்றம். ஒரு வேரைப் பிடித்து விரலால் உருவியபோது, மேல்தோல் மட்டும் உறை மாதிரி கழன்று கையோடு வந்தது. உள்ளே வெள்ளை நூல் ஒன்று மிஞ்சியது. நல்ல வேர் அப்படி உருவிக்கொண்டு வராது.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு பஞ்சு போதும். பாத்திரம் கழுவும் பஞ்சைத் தண்ணீரில் ஊறவைத்துத் தட்டையாகப் படுக்கவைத்துப் பிடித்தால் சொட்டுவது சீக்கிரம் நின்றுவிடும். அதையே செங்குத்தாக நிமிர்த்தினால் மறுபடியும் தண்ணீர் ஒழுகும். பஞ்சின் அடியில் எப்போதும் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் தங்கும்; அந்த உயரத்தைத் தீர்மானிப்பது துளையின் நுணுக்கம். மண்ணும் அப்படியே. நுண்ணிய தூள் என்றால் அடியில் தங்கும் ஈர அடுக்கு உயரமாக இருக்கும். ஆழமான வாளியில் அதற்கு மேலேயும் காற்றோட்டமான மண் இருக்கும். 12 செ.மீ. தட்டிலோ வேர் பெரும்பாலும் அந்த ஈர அடுக்குக்குள்ளேயே கிடக்கும். அடியில் பெரிய ஜல்லி பரப்பினால் வடியும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. அது ஈர அடுக்கை மேலே தூக்கிவிடுமே தவிர, இறக்காது.

அந்த நேரத்துக்குச் செய்தது: தட்டைக் கூரைக்கடியில் கொண்டுபோய், ஒரு பக்கம் செங்கல் கொடுத்து நன்றாகச் சாய்த்து வைத்தது. நிமிர்த்திய பஞ்சு மாதிரி தேங்கிய நீர் சில மணி நேரம் ஒழுகியது. உரம், பூச்சிமருந்து எதுவும் கிடையாது. மழைக்காலத்தில் வேரைப் பிரித்துக் கழுவுவது இருக்கிற நாலு வேரையும் தொல்லைப்படுத்துவது என்பதால் மாசி வரை பொறுத்து, அப்போதுதான் பிரிக்கப்பட்டது. வேரில் பாதிக்கு மேல் போயிருந்தது. ஆப்புக் குழியில் வந்த இரண்டு வேரில் ஒன்று பிழைத்தது.

மாற்றிய கலவை அளவுகள்: நன்றாக வெந்த செங்கல் உடைத்தது, 3 முதல் 6 மி.மீ., ஐந்து பங்கு. எம்-சாண்டைச் சலித்து எடுத்த 2 முதல் 4 மி.மீ. மணி, இரண்டு பங்கு. தென்னை மட்டைச் சில்லு, சுமார் 5 மி.மீ., இரண்டு பங்கு. சலித்த மட்கிய இலை உரம், ஒரு பங்கு. 2 மி.மீ.க்குக் கீழே உள்ள தூள் எதுவானாலும் வெளியே. எம்-சாண்டில் ஒட்டியிருக்கும் கல்மாவு கழுவாவிட்டால் சிமெண்ட் மாதிரி அடியில் படியும். தெளிந்த நீர் வரும் வரை அலச வேண்டும். வேகாத செங்கல் ஒரே மழையில் சேறாகும். ஒரு துண்டை இரவு முழுக்க நீரில் போட்டு, காலையில் விரலால் நசுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். மட்டைச் சில்லில் உப்பு இருக்கும், உப்பங்கழியில் ஊறிய மட்டையில் இன்னும் அதிகம். ஒரு நாள் ஊறவைத்து வடிப்பதை மூன்று முறை செய்தால் போதும்.

ஆடிக் காற்றுக்கு அப்போது என்ன வழி? அதை மண்ணால் சமாளிக்கப் பார்த்ததுதான் பிசகு. மாடியின் மேற்குப் பக்கம் 50 சத பச்சை நிழல்வலையை ஆளுயரத்துக்குக் கட்டியதும், தட்டுக்கடியில் மணல் பரப்பி நனைத்து வைத்ததும், ஆனி முதல் ஆவணி வரை இரண்டு வேளைத் தண்ணீரும் அந்த வேலையைச் செய்தன. வலை தலைக்கு மேலே இல்லை. வெயில் முழுசாக வேண்டும், நிழலில் கணு இடைவெளி நீண்டுவிடும். பேச்சிப்பாறை, திற்பரப்பு மாதிரி இரண்டு பருவமழையும் நன்றாகக் கொட்டும் இடத்தில் இதே கலவையில் இலை உரத்தை அறவே விட்டு, செங்கல்லை ஆறு பங்காக்கலாம். குளச்சல், மணக்குடி போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று படிந்த இலையை வாரம் இரண்டு முறை நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும்.

மேலே கட்டியது

நான்காம் ஆண்டில் வேர் தேறுவதற்காக உச்சியைத் தொடவில்லை. எதிர்த் துளிர் மட்டும் வெட்டப்பட்டது. ஐந்தாம் ஆண்டு மாசியில் புது உச்சித்தண்டு அடியில் 19 மி.மீ. ஆகியிருந்தது. கீழ்த்துண்டின் மேல்முனையான 26 மி.மீ.க்கு அது ஏறத்தாழ முக்கால் பங்கு. இந்த விகிதம் வந்த பிறகு வெட்டினால் தண்டு அடியிலிருந்து நுனிக்கு இயல்பாக மெலிந்து போவது போல் தெரியும். இரண்டாம் வெட்டு அதிலிருந்து 6 செ.மீ. மேலே, முதல் வளைவுக்கு எதிர்த்திசையில் திரும்பும் கணுவுக்கு மேலே.

எதிரெதிர்க் கிளை மரத்தில் கிளை தேர்வது கழித்தல் கணக்கு. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு வரும். இரண்டையும் விட்டால் சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி நிற்கும், அந்த இடத்தில் தண்டும் முடிச்சாக வீங்கும். கீழிருந்து முதல் கணுவில் இடதை வைத்து வலதை எடு, அடுத்ததில் வலதை வை, அதற்கடுத்ததில் பின்பக்கம். வெட்பாலையில் அடுத்தடுத்த இணைகள் தண்டைச் சுற்றிக் கொஞ்சம் திரும்பியே வரும் என்பதால் பின்கிளைக்கு ஆள் கிடைக்காமல் போவதில்லை. நேர் முன்னால் வருவதை உச்சிப் பகுதி தவிர வேறெங்கும் விடக் கூடாது. இப்படி நாலு கிளை தேர்ந்தது. முதல் கிளை மண்ணிலிருந்து 8 செ.மீ. உயரத்தில். 2 மி.மீ. கம்பியில் கொஞ்சம் இறக்கி, நுனியை மட்டும் மேல்நோக்கித் திருப்பி, இந்தத் தடவை ஏழாவது வாரமே நறுக்கி எடுத்தாயிற்று.

கிளை நுணுக்கமாக, தளிர் நாலு இணை விட்டதும் ஓர் இணைக்கோ இரண்டு இணைக்கோ கத்தரிக்க வேண்டும். பங்குனி முதல் புரட்டாசி வரை மூன்று முறை செய்ததில் ஆரம்பத்தில் 11 செ.மீ. இருந்த இலை 4.5 செ.மீ. அளவுக்கு இறங்கியது. முழு இலை நீக்கம் வேர் வேலை செய்த ஆண்டில் செய்யப்படவில்லை; இரண்டையும் ஒரே ஆண்டில் செய்வது கணக்கில் இருப்பதையெல்லாம் ஒரே நாளில் எடுப்பதற்குச் சமம். பூ வேண்டுமானால் கணக்கு வேறு. வெள்ளைப் பூங்கொத்து புதுத் தளிரின் நுனியில்தான் வரும். பங்குனியில் நுனி கிள்ளினால் சித்திரையில் பூ இல்லை. கட்டமைப்பு முடியாத மரத்தில் பூவுக்கு ஆசைப்படுவது வீண். அதனால் இந்த மரம் இதுவரை பூக்கவே விடப்படவில்லை.

உரம் அதிகம் வேண்டியதில்லை. பங்குனித் தளிர் கெட்டிப்பட்ட பிறகு, தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம், பத்து நாளுக்கு ஒரு முறை. மாதம் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. கடலைப் புண்ணாக்கு ஊறல் வேலை செய்யும். ஆனால் மாடியில் ஈ மொய்க்கும், பக்கத்து வீட்டில் சண்டை வரும். கார்த்திகையோடு எல்லாம் நிறுத்தம், இல்லாவிட்டால் உதிர வேண்டிய நேரத்தில் தளிர் விடும். மாவுப்பூச்சி எறும்போடு வரும். வேப்பெண்ணெய் 3 மி.லி., காதி சோப்புக் கரைசல் 1 மி.லி. ஒரு லிட்டர் நீரில் கலந்து மாலையில் இரண்டு தடவை தெளித்தால் அடங்கிவிடும்.

இப்போதைய நிலை

ஆறாம் ஆண்டு மாசியில் மரம் முதல் போன்சாய்ச் சட்டிக்கு மாறியது. மெருகு பூசாத சுட்டமண், 26க்கு 19 செ.மீ., ஆழம் 6 செ.மீ.; வடிகால் துளை இரண்டு, கம்பி கட்ட நாலு சிறு துளை. துளைக்கு நைலான் கொசுவலை. இவ்வளவு ஆழம் குறைந்த சட்டி என்பதால் மட்டைச் சில்லு ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. சி.டி.யை அப்போதுதான் உருவி எடுத்தார்கள். அடி தட்டையாக, வேர் ஐந்து திசையில் விரிந்திருந்தது. இடது பின்பக்கம் மட்டும் வெறுமை, அழுகலில் போன வேரின் இடம்.

அடிமரம் 43 மி.மீ., உயரம் 25 செ.மீ. முதல் வெட்டுவாய் 7 மி.மீ. திறப்பாகச் சுருங்கியிருக்கிறது; விளிம்பைக் கூர்கத்தியால் லேசாகப் புதுப்பித்தால் இன்னும் இரண்டு பருவத்தில் மூடிவிடும். வெறுமையான பக்கத்துக்கு இதே மரத்தின் வேர்த்துளிர் ஒன்று தனியாகத் தொட்டியில் வளர்க்கப்படுகிறது. அடுத்த மாசியில், மொட்டு எள்ளளவு புடைக்கும் வாரத்தில், அதை அடிமரத்தில் வேராக ஒட்டுக்கட்ட வேண்டும்.